ஃபுளோரைடு பாதித்த ஊரில், மக்களே படம் எடுக்கும் ஆய்வை எப்படி நடத்துவது?

பென்னாகரம் பக்கம் குடிநீர் ஃபுளோரைடு பற்றிய ஆய்வுக்கு ஊர்க்காரர்களையே புகைப்படம் எடுக்கச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. 'போட்டோவாய்ஸ்' எனும் இம்முறையை கேரலைன் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் 1990களில் சீனாவின் யுன்னான் கிராமப் பெண்களோடு செய்துபார்த்து உருவாக்கினார்கள்.

8 முதல் 10 பேர், அவரவர் செல்போன், இரண்டு வாரம். இவ்வளவு போதும். முதல் நாள் கேமரா பாடம் வேண்டாம், சம்மதப் பாடம் நடத்துங்கள். படம் எடுக்க ஒரு சம்மதம், வெளியே காட்ட இன்னொன்று. ஃபுளோரைடால் பல்லில் பழுப்புக் கறை படிந்த பெண்ணின் முகம் கண்காட்சியில் தொங்கினால் கல்யாணப் பேச்சு வரை பாதிக்கும். முகத்துக்குப் பதில் குடம், அடிபம்பு, தெருக்குழாய் எடுக்கட்டும்.

பலர் சறுக்குவது அடுத்த கட்டத்தில்தான்: படங்களை வாங்கிக்கொண்டு தாங்களே தலைப்பு வைத்துவிடுகிறார்கள். ஒவ்வொருவரும் 3 படம் தேர்ந்தெடுத்து, இதில் என்ன தெரிகிறது, உண்மையில் என்ன நடக்கிறது, ஏன் இப்படி, என்ன செய்யலாம் என்று குழுவில் பேச வேண்டும். அடுப்படியில் இரண்டு குடம் இருக்கும் படம் நமக்கு வெறும் குடம்தான். எடுத்தவரைக் கேட்டால், "இது ஒகேனக்கல் தண்ணி, குடிக்க. அது போர் தண்ணி, சோறாக்க" என்பார். போர்வெல் தண்ணீரில் சமைப்பதன் வழியாகவும் ஃபுளோரைடு உடலில் சேர்வது அப்போதுதான் பேச்சுக்கு வரும்.

தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்பதைப் படம் சொல்லாது. தண்ணீரையும் பரிசோதியுங்கள். இந்தியக் குடிநீர்த் தரப்படி, மாற்று நீர் இல்லாத இடத்துக்கும் ஃபுளோரைடின் உச்ச வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்.