அப்பாவின் நோய் உங்கள் பரம்பரை ஆகாது

கேள்வி: எனக்கு 36 வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே தத்தெடுக்கப்பட்டவள். சின்ன வயதிலிருந்தே அது தெரியும். அண்மையில் ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பு 210 இருந்தது. "குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருக்கிறதா?" என்று டாக்டர் கேட்டார். அம்மா பக்கத்தில் இருந்ததால், "அப்பாவுக்கு எழுபது வயதுக்கு மேல்தான் வந்தது" என்று எப்போதும் சொல்வதையே சொன்னேன். சாப்பாட்டைக் கட்டுப்படுத்திவிட்டு ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். எட்டு வயதில் மகன் இருக்கிறான். பெற்றவர்களைத் தேடி, பரம்பரை நோய்களைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அம்மா மனம் உடைந்துவிடுவாரோ? டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தால் போதுமா?

பதில்: தேடுவதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த டாக்டரிடம் திரும்பிப் போங்கள். ஆறு மாதம் வேண்டாம், இந்த வாரமே. உங்களுக்கு ரத்த உறவில்லாத ஒருவருடைய இதயத்தை நம்பி அவர் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எப்போதும் இதையே சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பிரசவத்தின்போதும் இதே பதில்தான் போயிருக்கும். மகனின் மருத்துவக் குறிப்பிலும் தாத்தாவின் நோயாக அதுவே ஏறியிருக்கும். உங்கள் பிறப்பைப் பற்றி ஊருக்குச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். டாக்டரிடம் மறைத்து, பிள்ளையின் உடம்பை அதற்குப் பணயம் வைக்க உங்களுக்கு உரிமை கிடையாது.

எல்.டி.எல். 190-ஐத் தாண்டினாலே, பிறவியிலேயே கொழுப்பு கூடும் பரம்பரைக் கோளாறா என்று டாக்டர்கள் சந்தேகிப்பார்கள். சுமார் 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு. சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும் இதற்குப் போதாது, மருந்து வேண்டும். கவனிக்காமல் விட்டால் இளவயதிலேயே மாரடைப்பு வரலாம். உங்களுக்கு இருந்தால் மகனுக்கும் வந்திருக்கச் சரிபாதி வாய்ப்பு. "நான் தத்துப்பிள்ளை, பரம்பரை தெரியாது" என்று நீங்கள் சொல்லியிருந்தால், குடும்பக் கதையை நம்பாமல் உங்கள் ரத்தத்தையும் மரபணுவையும் பார்த்து அவர் முடிவெடுத்திருப்பார். "தெரியாது" என்பது டாக்டருக்குப் பயன்படும் பதில். நீங்கள் சொன்னது அவரைத் தவறான வழியில் அனுப்பிய பதில்.

அம்மாவைப் பற்றி. வளர்த்தவர்தான் அம்மா, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அதனால்தான் அவருடைய மனசைக் காரணம் காட்டாதீர்கள் என்கிறேன். அவரிடம் ஒரு தடவையாவது இதைப் பேசினீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. காய்ச்சலில் உங்கள் பக்கத்தில் கண்விழித்துக் கிடந்தவரை, உங்கள் உயிரைவிடத் தன் வருத்தத்தைப் பெரிதாக நினைப்பவர் என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட்டீர்கள். அது அவருக்குச் செய்யும் அவமரியாதை. இன்றைக்கே உட்கார்ந்து பேசுங்கள். தத்தெடுத்தபோது கொடுத்த காகிதங்களில் பெற்றவளின் வயதோ உடல்நிலையோ குறிக்கப்பட்டிருக்கலாம்.

வீட்டுக்கே வரும் டி.என்.ஏ. டெஸ்ட் போதாது. பெரும்பாலும் சில குறிப்பிட்ட மரபணு மாற்றங்களை மட்டுமே அது பார்க்கும். ஒன்றும் இல்லை என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமாகாது. அதோடு, அறியாத உறவுக்காரர்களின் பெயர்களை அது உங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தலாம். அவர்களில் சிலருக்கு நீங்கள் பிறந்ததே தெரியாமல் இருக்கலாம். மரபணு ஆலோசகர் மூலம், இந்தக் கொழுப்புக் கோளாறுக்கு உரிய மரபணுப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

தேடுவதானால், தத்து கொடுத்த அமைப்பு மூலமாகவே கேளுங்கள்; வாசலில் போய் நிற்காதீர்கள். எந்த நோய், எந்த வயதில் வந்தது, திடீர் மரணம் உண்டா என்பதை மட்டும் கேளுங்கள். பெற்ற தகப்பன் பக்கத்தையும் சேர்த்துக் கேளுங்கள், எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள். உறவாட வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. நோயைச் சொல்லும் கடமை உண்டு என்பேன். அதையும் மறுத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அவர்கள் பதில் வரும்வரை மகனின் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.