நாய்க்கும் பூனைக்கும் கிளினிக் தேடும்போது நான் பார்ப்பது

புது வீட்டுக்கு வந்திருக்கிறோம், ஒரு நாயும் ஒரு பூனையும் இருக்கின்றன, பக்கத்தில் சின்னதாக இரண்டு கிளினிக், கொஞ்சம் தள்ளிப் பெரியதாக ஒன்று, எதற்குப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் நன்றாக இருக்கும்போதே கேட்கிறீர்களே, அதுவே பெரிய விஷயம். நான் பூனைக்கு முடியாமல் போன பிறகுதான் தேட ஆரம்பித்தேன்.

எங்கள் கடுவனுக்கு அப்போது 4 வயது. ஒரு நாள் காலையிலிருந்து மண் தட்டுக்குப் போவதும் வருவதுமாகவே இருந்தான். குந்தி உட்கார்ந்து முக்குவான், ஒன்றும் வராது, இறங்கி வந்து அடிவயிற்றை நக்கிக்கொண்டே இருப்பான். மலச்சிக்கல் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கிளினிக்கில் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, கூடையைத் திறக்கக்கூடச் சொல்லாமல், மலம் இளக ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். சாயங்காலம் வாந்தி எடுத்தான், கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கிவிட்டான். இரவு வேறொரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் முதலில் அவன் அடிவயிற்றில் கையை வைத்தார், அப்புறம் என் விரலைப் பிடித்து அங்கேயே வைத்து, "தெரியுதா?" என்று கேட்டார். எலுமிச்சம்பழம் மாதிரி கெட்டியாக ஒரு உருண்டை. மூத்திரப்பை நிரம்பி நின்றிருந்தது. கடுவன் பூனைக்கு மூத்திரக் குழாய் ரொம்பக் குறுகல், மணல் மாதிரியான படிகமோ சளி மாதிரியான கட்டியோ வந்து அடைத்துவிட்டால் சிறுநீர் வெளியேற வழியில்லை, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தைப் பாதிக்கும், அப்படியே விட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். மயக்கம் கொடுத்துக் குழாய் போட்டு, 3 நாள் அங்கேயே வைத்திருந்து காப்பாற்றினார்கள்.

அதனால் எந்த கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனாலும் டாக்டரின் கையைத்தான் பார்க்கிறேன். பிராணியைத் தொட்டுப் பார்க்கிறாரா? முதலில் எடை போட வேண்டும், ஏனென்றால் மருந்தின் அளவே கிலோ கணக்கில்தான், கண்ணால் பார்த்து "ஒரு 4 கிலோ இருக்கும்" என்று சொல்லி ஊசி போடுகிற இடம் வேண்டாம். அப்புறம் ஈறின் நிறம், காது, பல், கழுத்துக்குக் கீழே கட்டி ஏதாவது இருக்கிறதா, வயிறு, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப். வெப்பத்தை தெர்மாமீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். நாய்க்கும் பூனைக்கும் இயல்பான வெப்பமே சுமார் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும், நம் கைக்கு அது எப்போதுமே சூடாகத்தான் தெரியும், அதனால் காதைத் தொட்டுவிட்டுக் காய்ச்சல் என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. இத்தனையும் செய்ய ஐந்தாறு நிமிஷம் போதும். அந்த ஐந்தாறு நிமிஷத்தைக் கொடுக்காத இடத்தில் எவ்வளவு பெரிய ஸ்கேன் மெஷின் இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

உங்கள் வீட்டில் நாய், பூனை இரண்டும் இருப்பதால் ஒன்றை முக்கியமாகச் சொல்கிறேன். நாய்க்கு உண்ணி மருந்து கேளுங்கள், கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். நல்ல டாக்டர் என்றால் "வீட்டில் பூனை இருக்கா?" என்று அவரே கேட்பார். நாயின் முதுகில் விடுகிற சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும், நாய்க்கு அது ஒன்றும் செய்யாது, பூனைக்கு விஷம். மருந்து காயாத நாயை ஒட்டிப் படுத்தாலோ அதை நக்கிவிட்டாலோகூட பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம். பாராசிட்டமாலும் அப்படித்தான், பூனைக்கு ஒரு மாத்திரையே உயிருக்கு ஆபத்து. பூனையைச் சின்ன நாய் என்று நினைத்து வைத்தியம் பார்க்கிற இடங்கள் இருக்கத்தான் செய்கின்றன. நாய் குரைக்காத ஒரு மூலையில் பூனையை உட்கார வைக்கிறார்களா, கூடையிலிருந்து பிடித்து இழுக்காமல் மேல் மூடியை மட்டும் கழற்றி உள்ளேயே வைத்துப் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள்.

தடுப்பூசி போடும் நாள்தான் கிளினிக்கைச் சோதிக்க நல்ல நாள். மருந்து ஃப்ரிட்ஜிலிருந்து வருகிறதா (2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும்), போடுவதற்கு முன் உடம்பைப் பரிசோதிக்கிறார்களா, குப்பியில் இருக்கும் லேபிளைப் பிய்த்து உங்கள் புத்தகத்தில் ஒட்டுகிறார்களா, இதெல்லாம் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். எல்லா ஊசியும் வருஷா வருஷம் போட்டே ஆக வேண்டுமா என்றும் கேட்டுப் பாருங்கள். உலகச் சிறு பிராணி கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல்படி, குட்டியில் முழுசாகப் போட்டு முடித்த வளர்ந்த நாய்க்கு பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்களுக்கான ஊசிகள் 3 வருஷத்துக்கு ஒரு முறைக்கு மேல் தேவையில்லை. எலிக்காய்ச்சல் ஊசி வருஷத்துக்கு ஒன்று, ரேபிஸ் அந்தந்த இடத்துச் சட்டப்படியும் மருந்தைப் பொறுத்தும். இந்த வித்தியாசத்தைப் பொறுமையாக எடுத்துச் சொல்கிறாரா, அல்லது கேள்வி கேட்டதற்கே முகம் சுளிக்கிறாரா என்று பாருங்கள்.

கருத்தடை ஆபரேஷனுக்குப் போகும்போது விலையை மட்டும் விசாரித்துவிட்டு வந்துவிடாதீர்கள். முன்னால் ரத்தப் பரிசோதனை உண்டா, மயக்கத்தில் இருக்கும்போது மூச்சுக்குழாயில் டியூப் போடுவார்களா, கத்தி பிடிப்பவர் தவிர மூச்சையும் இதயத்தையும் பார்த்துக்கொள்ள இன்னொருவர் இருப்பாரா, வீட்டுக்கு அனுப்பும்போது வலி மருந்து கொடுப்பார்களா. இந்த நான்கையும் கேளுங்கள்.

அந்தப் பெரிய கிளினிக்கில் 24 மணி நேரம் என்று போர்டு இருந்தால், ராத்திரி 2 மணிக்கு உள்ளே இருப்பது டாக்டரா, உதவியாளரா என்று நேரடியாகவே கேட்டுவிடுங்கள். பெரிய சாதி நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும், அதற்கு விடியும்வரை காத்திருக்க முடியாது. சின்ன கிளினிக்கில் ராத்திரி யாரும் இல்லாமல் போவது குறையே இல்லை, ஆனால் "இந்த மாதிரி நேரத்தில் இங்கே போங்கள்" என்று ஓர் இடத்தையும் நம்பரையும் அவர்கள் கொடுக்க வேண்டும். "இது என்னால் முடியாது, எலும்புக்கு அவரிடம் காட்டுங்கள்" என்று சொல்லி, எக்ஸ்ரேயையும் ரிப்போர்ட்டையும் கையில் கொடுத்து அனுப்புகிற டாக்டர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

இணையத்தில் நட்சத்திர மதிப்பெண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. செல்லத்தைப் பறிகொடுத்த துக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுகிறவர்கள் உண்டு, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. என்ன நடந்தது என்று விவரமாக எழுதியிருப்பதை மட்டும் படியுங்கள், ஒரே புகாரை மூன்று நான்கு பேர் தனித்தனியாகச் சொல்லியிருந்தால் யோசிக்கலாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வாரம் நாயைப் பக்கத்து கிளினிக் ஒன்றுக்குச் சும்மா எடை போடக் கூட்டிக்கொண்டு போவேன், அடுத்த வாரம் இன்னொன்றுக்கு. பூனையை மூன்று இடத்துக்கும் அலைக்கழிக்க வேண்டாம், நாயைத் தொடுகிற விதத்தைப் பார்த்து முடிவு செய்துவிட்டு, அந்த ஒரே இடத்துக்குக் கூட்டிப் போங்கள். கூடையை இப்போதே வெளியே எடுத்து, அது படுக்கிற பழைய துணி ஒன்றை உள்ளே விரித்து, திறந்தே வைத்துவிடுங்கள், தானாகவே போய்ப் படுத்துப் பழகிக்கொள்ளும்.