தேம்ஸ் கரையில் ஒரு பாரிஷ்: குக்கம் கேள்வி பதில்

இங்கிலாந்தின் பெர்க்‌ஷயர் கவுண்டியில், லண்டனுக்கு மேற்கே, மெய்டன்ஹெட் நகரை ஒட்டி இருக்கிறது குக்கம். தேம்ஸ் நதி வளைந்து திரும்பும் இடம். இந்த ஊரின் பழைய பதிவேடுகளைப் படிப்பது என் நெடுநாள் ஈடுபாடு. குடும்ப வரலாறு தேடும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (மெய்டன்ஹெட்): பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு வம்சாவளி தேடிக் கொடுக்கிறேன். தலைமுறை தலைமுறையாக மெய்டன்ஹெட்காரர்கள் என்று அடித்துச் சொல்கிறார். ஆனால் 1850, 60-களின் பிறப்புப் பதிவு அட்டவணையில் எல்லாருக்கும் 'குக்கம்' என்றே வருகிறது. வேறு குடும்பத்தைப் பிடித்துவிட்டேனா?

பதில்: அதை வைத்து மட்டும் அப்படி முடிவு செய்ய வேண்டாம். 1837 ஜூலை 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பை அரசே பதிவு செய்கிறது. அதற்காக நாட்டைப் பதிவு மாவட்டங்களாகப் பிரித்தபோது, 1834 ஏழைகள் சட்டப்படி பல பாரிஷ்களை, அதாவது ஒரு கிறிஸ்தவக் கோயிலுக்கு உட்பட்ட ஊர்ப் பகுதிகளை, சேர்த்து உண்டாக்கிய 'யூனியன்' எல்லைகளையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பகுதி யூனியனின் பெயர் குக்கம். மெய்டன்ஹெட்டும் அதற்குள் அடக்கம். நீங்கள் பார்ப்பது மாவட்டத்தின் பெயர். சான்றிதழை வாங்கினால் பிறந்த இடம் தனியாக எழுதியிருக்கும். அரசுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் 1837-லிருந்தே கிடைக்கிறது. அதை வைத்து முதலில் சரிபாருங்கள்.

1837-க்கு முன்னால் போனால் இன்னொரு சிக்கல் உண்டு. மெய்டன்ஹெட் அப்போது தனி பாரிஷ் இல்லை. லண்டனிலிருந்து பாத் நகருக்குப் போகும் நெடுஞ்சாலைதான் எல்லை. சாலைக்கு வடக்கே குக்கம், தெற்கே ப்ரே. எதிரெதிர் வீடுகளில் இருந்தவர்கள் வேறு வேறு பாரிஷைச் சேர்ந்தவர்கள். அதனால் இரண்டு ஊர்க் கோயில் ரிஜிஸ்டரையும் பார்த்துவிடுங்கள். தேடத் தொடங்கும் எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: பெயரைத் தேடுவதற்கு முன்னால் எல்லைக்கோட்டைத் தேடுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): பாரிஷ் என்பது கோயில் சம்பந்தப்பட்ட பிரிவுதானே? அதன் எல்லைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

பதில்: கோயிலோடு நின்றிருந்தால் இவ்வளவு காகிதம் நமக்கு மிஞ்சியிருக்காது. 1601 ஏழைகள் சட்டம் ஒவ்வொரு பாரிஷும் தன் ஏழைகளைத் தானே காப்பாற்ற வேண்டும் என்றது. அதற்காக வீடு, நிலம் வைத்திருந்தவர்களிடம் வரி வசூலித்தார்கள். வரி கட்டுகிறவர்களுக்கு உடனே ஒரு கேள்வி வந்துவிட்டது: இந்த ஏழை நம் ஊர் ஏழையா, பக்கத்து ஊர் ஏழையா?

இதற்குத்தான் 1662-ல் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்தது. வேறு பாரிஷிலிருந்து வந்து கஷ்டப்படுகிறவரை இரண்டு நீதிபதிகள் கையெழுத்திட்டுச் சொந்தப் பாரிஷுக்கே திருப்பி அனுப்பலாம். அனுப்பும் முன் விசாரணை நடக்கும். எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை செய்தாய், என்ன கூலி, எப்போது கல்யாணம், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டு எழுதி வைப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பண்ணைக் கூலியின் வாழ்க்கை அவர் வாயாலேயே பதிவான காகிதம் அது. பணக்காரர்களுக்கு உயிலும் பத்திரமும் இருக்கின்றன; ஏழைக்கு இருப்பது இந்த விசாரணைத் தாள்தான். எனக்கு மற்ற எல்லா ஆவணத்தையும்விட இதுவே பெரிது.

கல்யாணமாகாத ஒருவர் ஒரு முழு வருஷம் கூலிக்கு இருந்தால் அந்தப் பாரிஷில் உரிமை வந்துவிடும். அது வரக்கூடாது என்று 51 வாரத்துக்கு மட்டும் ஆள் வைத்த பண்ணைகள் உண்டு. பெண்களின் நிலை இன்னும் கொடுமை. கல்யாணமானதும் கணவனின் பாரிஷ்தான் மனைவியின் பாரிஷ். அவன் இறந்தால், அவள் ஒருநாளும் பார்த்திராத ஊருக்குக் கைக்குழந்தையோடு அனுப்பப்படலாம். உங்கள் குடும்ப மரத்தில் ஒரு விதவை திடீரென்று தூரத்து ஊரில் தோன்றினால், இப்படி ஒரு உத்தரவு இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தக் காகிதங்களைக் கோயிலில் ஒரு பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்கள். பாதிரியார் ஒரு சாவி, கோயில் நிர்வாகிகளான இரண்டு வார்டன்கள் ஆளுக்கொரு சாவி. மூன்று பேரும் வந்தால்தான் திறக்கும். இன்று பெர்க்‌ஷயர் ஊர்களின் பழைய பாரிஷ் ஆவணங்களை ரெடிங் நகரில் உள்ள கவுண்டி ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம்.

கேள்வி (டொரண்டோ): ரிஜிஸ்டரில் எவ்வளவு பின்னால் போக முடியும்?

பதில்: 1538-ல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு பாரிஷும் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டார். எல்லா ஊரிலும் அந்த வருஷத்திலிருந்தே கிடைத்துவிடாது. 1598-ல் பழைய தாள்களைத் தோல் ஏட்டில் பிரதி எடுக்கச் சொன்னார்கள். அப்போது எலிசபெத் பட்டமேறிய 1558-லிருந்து எடுத்தாலே போதும் என்று பல ஊர்களில் விட்டுவிட்டார்கள். 1640-களின் உள்நாட்டுப் போரிலிருந்து 1660 வரை பல ஊர்களில் ஓட்டை விழுந்திருக்கும்.

புதியவர்கள் அதிகம் இடறுவது தேதியில். 1752-க்கு முன் ரிஜிஸ்டரில் வருஷம் மார்ச் 25-ல்தான் பிறக்கும். 1720 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1721. இதைக் கவனிக்காவிட்டால் கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாகக் கணக்கு வரும். அநியாயமாக ஒரு குடும்பத்தின்மேல் பழி விழும்!

1754 முதல் திருமணத்துக்குத் தனிப் பதிவேடு, தம்பதியின் கையெழுத்து, இரண்டு சாட்சி. நம் ஊர்க் கோயில்களில் ஓலை வாசிப்பதைப் போல மூன்று ஞாயிறு அறிவித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். யூதர்கள், குவேக்கர் சபையினர் தவிர எல்லாரும், கத்தோலிக்கர் உட்பட, 1837 வரை ஆங்கிலிக்கன் கோயிலில்தான் சட்டப்படி மணக்க முடிந்தது. அதனால் 'எங்கள் குடும்பம் வேறு சபை' என்று இந்த ஏடுகளை ஒதுக்காதீர்கள். சாட்சிகளின் பெயரையும் எழுதி வையுங்கள், பல சமயம் அண்ணன் தங்கைகளாக இருப்பார்கள். 1813 முதல் அச்சடித்த படிவம். ஞானஸ்நானத்தில் தந்தையின் தொழிலும் வரும். ஞானஸ்நானத் தேதி பிறந்த தேதி அல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி (ரெடிங்): என் மனைவியின் முன்னோர் ஒருவர் தேம்ஸில் சரக்குப் படகு ஓட்டியவர். 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'இந்தக் கவுண்டியில் பிறந்தவரா' என்பதற்கு 'இல்லை' என்று இருக்கிறது. எங்கே தேடுவது?

பதில்: முதலில் எதிர்க்கரையில். இங்கே தேம்ஸ்தான் கவுண்டி எல்லை. குக்கம் பெர்க்‌ஷயர், பாலம் தாண்டினால் பக்கிங்ஹாம்‌ஷயர். 1841-ல் பிறந்த ஊரைக் கேட்கவில்லை, கவுண்டி மட்டும்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் பிறந்தவருக்கும் 'இல்லை'தான். 1851-ல் பிறந்த பாரிஷையே கேட்டார்கள். அதில் அவர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. 1841-ல் 15-க்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 44 வயது 40 ஆகிவிடும்.

எதிர்க்கரையின் ஆவணங்கள் ரெடிங்கில் இருக்காது, எய்ல்ஸ்பரிக்குப் போக வேண்டும். மறைமாவட்டமும் (பிஷப்பின் நிர்வாகப் பகுதி) வேறு: பெர்க்‌ஷயர் 1836 வரை சாலிஸ்பரியின் கீழ், பக்கிங்ஹாம்‌ஷயர் 1845 வரை லிங்கனின் கீழ். 1858-க்கு முந்தைய உயில்கள் சர்ச் நீதிமன்றங்களில் பதிவானவை என்பதால் இது உயில் தேடலிலும் குறுக்கே வரும்.

படகுக்காரருக்கு ஊர் ஒன்றல்ல, ஆறுதான் ஊர். மார்லோ, ஹென்லி, ரெடிங் என்று மேலும் கீழும் பாருங்கள். படகுகளை நீர்மட்டம் மாற்றி ஏற்றி இறக்கும் குக்கம் லாக் 1830-ல் கட்டப்பட்டது. 1838-ல் ரயில் மெய்டன்ஹெட் பக்கம் வந்தது, 1854-ல் குக்கத்துக்கே ஸ்டேஷன். அதன்பின் படகுச் சரக்கு தேய்ந்தது. 1861-ல் அவர் கூலித் தொழிலாளி என்று இருந்தால் ஆள் மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கனமான விஷயம். ஆற்றில் மூழ்கி இறந்தவர்களின் உடல் ஒதுங்கிய பாரிஷிலேயே அடக்கம் நடந்திருக்கலாம். அடக்கப் பதிவு கிடைக்காவிட்டால் ஆற்றின் கீழ்ப்பக்க ஊர்களைப் பாருங்கள். மரண விசாரணைச் செய்தி அந்தக் காலச் செய்தித்தாளில் வந்திருக்கக்கூடும்.

கேள்வி (பெரம்பூர், சென்னை): நாங்கள் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். தாத்தாவின் தாத்தா பெர்க்‌ஷயரிலிருந்து சிப்பாயாக மெட்ராஸ் வந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். குக்கம் என்ற பெயரும் பேச்சில் வரும். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: குக்கத்திலிருந்து தொடங்காதீர்கள், மெட்ராஸிலிருந்து தொடங்குங்கள். மெட்ராஸ் மாகாணக் கோயில்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் பிரதிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் அவற்றுக்கே ஒரு தனி வரிசை உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதித் திருமணப் பதிவுகளில் தந்தை பெயர் இருக்கும். அது கைக்கு வந்தபிறகு ராணுவத் தாள்களுக்குப் போங்கள். அரச ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு விலகியிருந்தால், லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பணி விடுவிப்புத் தாள்களில் பிறந்த பாரிஷும் கவுண்டியும் வரும். கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவம் என்றால் பிரிட்டிஷ் நூலகம்தான். தாளில் மெய்டன்ஹெட் என்று வந்தால் என்ன செய்வது என்பது முதல் பதிலில் இருக்கிறது.

கேள்வி (ஸ்லவ்): குக்கத்தில் ஒரு பழைய வீட்டில் வாடகைக்கு வந்திருக்கிறோம். இதில் யார் யார் இருந்தார்கள் என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. கோயிலுக்குத் தந்த தசமபாகத்தை (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) பண வரியாக மாற்றும் சட்டம் 1836-ல் வந்தது. அதற்காக வரைந்த வரைபடங்களில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் எண், கூடவே உரிமையாளர், குடியிருந்தவர், பரப்பளவு. அடுத்து 1910 வாக்கில் நிலவரிக்காக எடுத்த மதிப்பீட்டுக் குறிப்பேடுகள். அறைகளின் விவரம்கூட எழுதியிருப்பார்கள். கணக்கெடுப்பில் வீட்டு எண் இருக்காது. எடுத்தவர் நடந்து போன வழியைப் பின்தொடர்ந்து, பெயர் மாறாத மதுக்கடை, பண்ணை போன்றவற்றைப் பிடித்துக்கொண்டு எண்ண வேண்டும்.

கேள்வி (மதுரை): ஓவியர் ஸ்டான்லி ஸ்பென்சரின் ஊர் இதுதானே? அவர் வரைந்த கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறதா?

பதில்: இதேதான். 1891-ல் இங்கே பிறந்தவர். இறந்தவர்கள் கல்லறையிலிருந்து எழுந்து வருவதாக 1924 முதல் 1927 வரை அவர் வரைந்தது ஹோலி டிரினிட்டி கோயில் வளாகத்தைத்தான். போனால் உள்ளே ஐசக் போகாக்கின் நினைவுச் சிற்பத்தையும் பாருங்கள். 1810-ல் தேம்ஸில் படகிலேயே உயிர் பிரிந்தவர்; சிற்பி ஃப்ளாக்ஸ்மன் அந்தக் கணத்தையே கல்லில் வடித்திருக்கிறார். கோயிலின் பக்கத்தில்தான் 2021-ல் ரெடிங் பல்கலைக்கழகத்தார் தோண்டி, மெர்சியா அரசன் ஓஃபாவின் விதவை சினெத்ரித் தலைமை தாங்கிய 8-ஆம் நூற்றாண்டு மடத்தின் தடயங்களைக் கண்டார்கள்.

வெளியே கல்லறைக் கற்களில் எழுத்து மங்கி வருகிறது. படிக்க வேண்டும் என்று சுண்ணாம்போ நுரையோ பூசாதீர்கள், கல் கெடும். சூரியன் சாய்வாக அடிக்கும் நேரத்தில் போட்டோ எடுத்தாலே போதும்.

கேள்வி (மெய்டன்ஹெட், முதல் கேள்வி கேட்டவரே): 1931 கணக்கெடுப்பு எப்போது வெளியாகும்?

பதில்: வராது. அதன் தாள்கள் 1942-ல் தீயில் எரிந்துபோயின. 1941-ல் போர் காரணமாக எடுக்கவே இல்லை. 2022-ல் வெளியான 1921-க்கும், 2052-ல் வரவேண்டிய 1951-க்கும் நடுவே நமக்குக் கைகொடுப்பது போர் தொடங்கியதும் எடுத்த 1939 பதிவேடு. அதில் பிறந்த தேதியே இருக்கும். உங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியின் குடும்பத்துக்கு அங்கிருந்து தொடங்கி 1921-க்குப் போங்கள்.