ஊலாங் தேநீரில் பூ வாசம் எப்படி வருகிறது?

பச்சைத் தேநீருக்கும் கறுப்புத் தேநீருக்கும் இடைப்பட்ட வகையான சீன ஊலாங் தேநீரில் பூ வாசம் அடிக்கிறதே, பூவைக் கலந்து செய்கிறார்களா, இல்லை எசன்ஸா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நல்ல ஊலாங் என்றால் இரண்டும் இல்லை, வெறும் இலைதான். இதே கேள்வியை நான் ஒருவரிடம் நேரில் கேட்டு அசடு வழிந்திருக்கிறேன். வேலைக்காக ஷென்ஜென்னில் இருந்தபோது, சாவ்ஜோ ஊர்க்காரர் ஒருவர் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை. மதியச் சாப்பாடு முடிந்ததும் மூடி போட்ட சின்னப் பீங்கான் கிண்ணத்தை எடுத்துவிடுவார். ஒருநாள் வெந்நீர் ஊற்றி வடித்த கையோடு, மூடியை மட்டும் என் மூக்கருகே நீட்டினார். ஈரமான அந்த மூடிக்குள் தேன் வாசம், அதற்குப் பின்னால் ஏதோ பூ. “என்ன எசன்ஸ் போடுகிறார்கள்?” என்று கேட்டேன். மனிதர் முகம் சுருங்கிப்போனது.

அவர் குடித்தது ஃபீனிக்ஸ் டான்சோங் என்ற ஊலாங். குவாங்டோங் மாகாணத்தில் அவர் ஊர்ப் பக்கத்து மலையில் விளைவது. ‘டான்சோங்’ என்றால் தனிச்செடி. ஒரு மரத்து இலையை இன்னொன்றோடு கலக்காமல் தனியாகப் பறித்துப் பதப்படுத்திய வழக்கத்தில் வந்த பெயர்.

விஷயம் பறித்த பிறகுதான் இருக்கிறது. இலையை வெயிலில் கொஞ்ச நேரம் வாட்டி, நிழலில் ஆறவைப்பார்கள். பிறகு மூங்கில் தட்டில் போட்டுக் குலுக்குவது, ஆறவிடுவது, மறுபடி குலுக்குவது என்று ராத்திரி முழுக்க நடக்கும். இலைகள் ஒன்றோடொன்று உரசி ஓரம் மட்டும் கன்றிச் சிவக்கும். நடு இலை பச்சையாகவே இருக்கும். பறித்தவுடன் இலை செத்துவிடுவதில்லை. வாடலும் அடியும் தாங்காமல் அது வாசனைப் பொருள்களைச் சுரக்கிறது. அதில் இண்டோல், ஜாஸ்மின் லாக்டோன் போன்றவை நிஜ மல்லிகையிலும் இருப்பவை. ஆக, உங்கள் மூக்கு பொய் சொல்லவில்லை.

எப்போது நிறுத்துவது என்பதைக் கடிகாரம் சொல்லாது. பச்சை வாசம் போய்ப் பூ வாசம் எழும் நேரத்தை மூக்கால் பிடித்து, உடனே இலையைச் சூடான சட்டியில் போட்டு வாட்டவேண்டும். அவசரப்பட்டால் பச்சை நெடி நிற்கும். கண் அசந்தால் பூ வாசம் கைவிட்டுப் போகும். அப்புறம் உருட்டுவது, உலர்த்துவது, கரித்தணலில் நிதானமாக வறுப்பது எல்லாம் உண்டு.

டான்சோங்கில் ஒரு வகைக்குப் பெயரே ‘வாத்துப் பீ வாசம்’! நல்ல செடியை யாரும் திருடிவிடக்கூடாது என்று உரிமையாளர் வைத்த பெயர் என்று கதை சொல்கிறார்கள். 2014-ல் ‘வெள்ளிப்பூ வாசம்’ என்று கௌரவமாக மாற்றியும் பார்த்தார்கள். ஊர் கேட்கவில்லை, இன்றும் பழைய பெயரில்தான் விற்கிறது.

இன்னொரு பிரபல ஊலாங், ஃபூஜியான் மாகாணத்தின் ஆன்ஷியில் செய்யும் தியெ குவான்யின். இலையைத் துணியில் மூட்டை கட்டி உருட்டி உருட்டி மிளகு மாதிரி சுருட்டிவிடுவார்கள். அந்தப் பக்கத்து மின்னான் மொழியில் தேநீருக்குப் பெயர் ‘தே’. கப்பலேறி உலகம் சுற்றிய அந்தச் சொல்தான் நம் ‘தேயிலை’யிலும் இருக்கிறது.

பூ சேர்த்துச் செய்வது மல்லிகைத் தேநீர். அது வேறு சமாச்சாரம். சாயங்காலம் மலரும் மல்லிகை மொட்டுகளைத் தேயிலையோடு கலந்து ராத்திரி முழுக்க வைத்து, காலையில் பூவைச் சலித்து எடுத்துவிடுவார்கள்.

எசன்ஸ் போட்டதைக் கண்டுபிடிப்பது எப்படி? இங்கே ஒரு கடையில் ஏமாந்துதான் கற்றுக்கொண்டேன். பொட்டலத்தைப் பிரித்ததுமே ஊதுபத்தி மாதிரி ஆளைத் தூக்கியது. இரண்டாவது தடவை வெந்நீர் ஊற்றும்போது வெறும் கசப்பு. நல்ல ஊலாங் ஐந்தாறு தடவை தாங்கும், ஒவ்வொரு தடவையும் வாசம் கொஞ்சம் மாறும். 100 மில்லி கிண்ணத்துக்கு ஏழு கிராம் போட்டு, கொதிக்கும் நீரை ஊற்றிச் சில நொடிகளில் வடித்துவிடுங்கள். பால் வேண்டவே வேண்டாம்.

கடைசியில் கிண்ணத்தில் மிஞ்சும் இலை ஒன்றை விரித்துப் பாருங்கள். பழைய முறையில் செய்ததென்றால் ஓரத்தில் அந்தச் சிவப்புக் கோடு தெரியும்.