பால்டர்ஸ் கேட்டை இயக்கிய இன்ஃபினிட்டி எஞ்சின்: கேள்வி-பதில்

கேள்வி: முதல் பால்டர்ஸ் கேட் கணினி விளையாட்டில் தெரிவது வரைந்த படம்தான் என்றால், சுவருக்குப் பின்னால் ஆள் எப்படி மறைகிறார்?

பதில்: படம்தான், அதுவும் தட்டையான படம். பயோவேர் நிறுவனத்தார் ஒவ்வோர் இடத்தையும் முப்பரிமாண மென்பொருளில் உருவாக்கி, ஒரே கோணத்திலிருந்து படமாக்கிக்கொண்டார்கள். 1998 டிசம்பரில் அந்த விளையாட்டு 5 குறுந்தட்டுகளில் வந்ததில் இந்தப் படங்களுக்கும் பங்கு உண்டு. படத்தை 64-க்கு 64 பிக்சல் சதுரங்களாக நறுக்கி, ஒவ்வொரு சதுரத்துக்கும் தனித்தனியாக 256 நிறங்களை ஒதுக்கியதால், அந்தக் காலத்துக் கணினியின் சிறிய நினைவகத்திலும் நிறங்கள் வெளிறாமல் நின்றன.

ஆனால் அந்தப் படத்தில் இருப்பது மரமா சுவரா என்பது, விளையாட்டை இயக்கும் மென்பொருளான எஞ்சினுக்குத் தெரியாது. எங்கே நடக்கலாம், தரை எங்கே உயர்கிறது, எங்கே என்ன வெளிச்சம் என்பவற்றைக் குறிக்கும் வேறு மூன்று சிறிய படங்கள் அடியில் மறைந்திருக்கின்றன. எஞ்சின் பார்ப்பது அவற்றைத்தான். நடைபாதைப் படத்தின் ஒரு புள்ளி, திரையில் 16-க்கு 12 பிக்சல் அளவுள்ள கட்டமாகும். அப்புள்ளியின் நிறத்தைக் கொண்டே காலடியில் கல்லோசை எழ வேண்டுமா, புல்லோசை எழ வேண்டுமா என்பதும் முடிவாகிறது. சுவர்களைப் பலகோணங்களாகத் தனியே குறித்து வைத்திருப்பார்கள். ஆள் அதன் பின்னால் போனதும் அவர் உருவம் புள்ளி புள்ளியாக மங்கும்.

கேள்வி: குறுகலான குகையில் என் குழுவின் ஆறு பேரும் முட்டிக்கொண்டு நிற்கிறார்களே?

பதில்: ஒவ்வொருவரும் மேலே சொன்ன கட்டங்களில் சிலவற்றை அடைத்துக்கொள்வதால், முன்னே நிற்பவர் பின்னே வருபவருக்குச் சுவராகிவிடுகிறார். வழி தேடும்போது எத்தனை கட்டங்களைச் சோதிக்கலாம் என்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. அது தீர்ந்ததும் எஞ்சின் தேடலைக் கைவிடும். அமைப்புகளில் அந்த எண்ணை 32000 வரை உயர்த்துங்கள். இன்றைய கணினிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. நெரிசல் குறையும், ஆனால் முற்றிலும் நீங்காது.

கேள்வி: ஒரு விநாடியில் திரை காட்டும் படங்களின், அதாவது பிரேம்களின், எண்ணிக்கையை 30-இலிருந்து 60 ஆக்கினேன். எல்லோரும் ஓடுகிறார்கள்!

பதில்: பழைய பதிப்பில் விளையாட்டின் கடிகாரமே பிரேம்களோடு பிணைந்திருக்கிறது. 6 விநாடி நீள வேண்டிய ஒரு சண்டைச் சுற்று, இப்போது உங்களிடம் 3 விநாடியில் முடிகிறது. 30-க்கே திரும்பிவிடுங்கள்.

கேள்வி: பால்டர்ஸ் கேட் 3-இலும் இதே எஞ்சின்தானா?

பதில்: இல்லை. 2023-இல் வந்த அது, லாரியன் நிறுவனத்தின் சொந்த எஞ்சினில் ஓடுகிறது. இன்ஃபினிட்டியில் பிறந்த கடைசிப் புதிய விளையாட்டு 2002-இல் வந்த ஐஸ்விண்ட் டேல் 2.

கேள்வி: விளையாட்டை மாற்ற ரசிகர்கள் உருவாக்கும் மோட் கோப்புகளை ஓவர்ரைடு என்னும் கோப்புறையில் நானே நகலெடுத்துப் போடலாமா?

பதில்: போடலாம், வேலையும் செய்யும். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருந்தால் எஞ்சின் அந்தக் கோப்புறையில் இருப்பதையே முதலில் எடுக்கும் என்பதால்தான், இந்த எஞ்சினுக்கு இத்தனை ஆண்டுகளாக மோட்கள் வந்துகொண்டிருக்கின்றன. எஞ்சினின் அழகான பகுதி இதுவே என்பது என் கருத்து. சிக்கல் என்னவென்றால், கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது. அதனால் இரண்டு மோட்கள் ஒரே பெயரைச் சூட்டிக்கொள்வது எளிது. இப்படி நான் கையால் போட்ட இரண்டாவது மோட், முதலாவதின் கடைக்காரரை வாய்பேசாதவராக்கியது; காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆயிற்று. வெஸ்ட்லி வெய்மர் எழுதிய வெய்டூ கருவி வழியாக நிறுவினால், எதை மாற்றினோம் என்பதை அது குறித்துவைத்துக்கொண்டு, வேண்டாதபோது பழைய நிலைக்குத் திருப்பிவிடும்.

கேள்வி: விளையாட்டைத் தமிழில் கொண்டுவர இயலுமா?

பதில்: உரையாடல்கள் அனைத்தும் ஒரே கோப்பில், ஒவ்வொன்றும் ஓர் எண்ணின்கீழ் அடுக்கப்பட்டுள்ளன, ஆகவே மொழியை மாற்ற அந்தக் கோப்பை மாற்றினால் போதும். தடை எழுத்துருவில் இருக்கிறது. பழைய ஐரோப்பிய மொழிப் பதிப்புகளில் ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்துப்படம் என்பதே கணக்கு. 'கொ' என்பதை யூனிகோடு முறையில் ககரமும் குறியுமாகச் சேமித்து, வரையும்போது கொம்பை முன்னும் காலைப் பின்னும் பிரித்துப் போடும் நுட்பம் அந்த எஞ்சினுக்குத் தெரியாது. வேடிக்கை என்னவென்றால், பழைய டிஸ்கி குறியாக்கத்தில் கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட் உண்டு. அதன் குறியெண்களின் கீழ்ப் பாதியில் ஆங்கிலமும் அப்படியே இருக்கும். அம்முறையில் எழுத்துப்படங்களை வரைந்து கொடுத்தால், தான் காட்டுவது தமிழ் என்று அறியாமலேயே எஞ்சின் அதைக் காட்டிவிடும். 2012-இல் பீம்டாக் வெளியிட்ட மேம்பட்ட பதிப்பில் உரை யூனிகோடுக்கு மாறிவிட்டதால், அங்கே இந்தக் குறுக்குவழி செல்லாது.