நண்டு திடீரென்று ஒவ்வாமல் போவது ஏன்?

கேள்வி: காரைக்குடியில் இருக்கிறேன், வயது 34. சின்ன வயதிலிருந்தே நண்டு மசாலா சாப்பிடுகிறவள். போன மாதம் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கிவிட்டது. நண்டு கெட்டுப்போயிருந்ததா? இன்னும் நன்றாக வேகவைத்தால் சாப்பிடலாமா?

பதில்: இனி வேகவைத்தும் சாப்பிடாதீர்கள். நண்டு கெட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. பெரும்பாலும் இதற்குக் காரணம், நண்டு, இறால் தசையிலுள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதம்.

ஆட்டுக்கறியிலும் கோழியிலும் இதே புரதம் இருக்கிறது. ஆனால் அது நம் தசையில் உள்ளதைப் போலவே இருக்கும். நம் சொந்தப் புரதத்தின் மேல் பாயக்கூடிய டி செல்களில் (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை) பெரும்பாலானவை, நெஞ்செலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியிலேயே அழிக்கப்படுகின்றன. அதனால் கோழி தப்பிக்கிறது. நண்டின் ட்ரோபோமயோசின் நன்றாகவே வேறுபட்டது. அதை அந்நியமாகப் பார்க்கும் செல்கள் உடலில் மிஞ்சியிருக்கும்.

சாப்பாட்டில் வரும் அந்நியப் புரதத்தை உடல் பொதுவாகப் பொறுத்துக்கொள்ளும். அந்தப் பொறுமை எந்த வயதிலும் குலையலாம். அப்போது டென்ட்ரைட்டிக் செல்கள் என்ற காவல் செல்கள் புரதத்தை நறுக்கி டி செல்லிடம் காட்ட, அது பி செல் என்ற இன்னொரு வெள்ளணுவைத் தூண்டி ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்ப்பொருளைத் தயாரிக்க வைக்கும். ஐஜிஇ போய், தோலிலும் குடலிலும் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொள்ளும். அதுவரை ஓர் அறிகுறியும் தெரியாது. அடுத்த முறை, அருகருகே உள்ள ஐஜிஇ மூலக்கூறுகளை நண்டுப் புரதம் இணைத்துப் பிடித்ததும், தடிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை அந்தச் செல்கள் கொட்டும். கரப்பான் பூச்சியிலும் மெத்தைத் தூசியில் வாழும் நுண்ணிய உண்ணியிலும் ஏறக்குறைய இதே புரதம்தான். பூட்டிக்கிடந்த பெரிய வீட்டைத் திறந்து தூசி தட்டும்போது தும்மலோ இளைப்போ வருகிறதென்றால், மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

ட்ரோபோமயோசின் கொதியைத் தாங்கும். நண்டு ரசத்திலும் இறங்கும். சிலருக்குக் கொதிக்கும் ஆவியே போதும். மீன் ஒவ்வாமைக்கு வேறு புரதம் காரணம் என்பதால், இதுவரை ஒத்துக்கொண்ட வஞ்சிரத்தை விட வேண்டாம். ஆனால் இறால் பொரித்த எண்ணெயில் அதைப் பொரிக்கக் கூடாது.

தடிப்போடு மூச்சுத்திணறல், தொடர் வாந்தி, தலைசுற்றல் சேர்ந்தால் செட்ரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரையைப் போட்டுக் காத்திருக்காதீர்கள்; அது அரிப்பை மட்டுமே குறைக்கும். 108-ஐ அழையுங்கள். காலை உயர்த்திப் படுங்கள். மூச்சு முட்டினால் உட்காரலாம், எழுந்து நடக்கக் கூடாது. பெரியவர்களுக்கு உயிர்காக்கும் மருந்து, தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் 0.5 மில்லிகிராம். 5 நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடி போடுவார்கள்.

நண்டுச் சாற்றைத் தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் தோல் குத்துப் பரிசோதனைக்குப் போகுமுன், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செட்ரிசினை ஒரு வாரம் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஒவ்வாமை இருந்தும் தோல் தடிக்காது. 15 நிமிடத்தில் 3 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிப்பு வந்தால், உங்களுக்கு நடந்ததோடு சேர்த்துப் பார்த்து ஒவ்வாமையை உறுதிசெய்வார்கள்.