தங்கையை அடிக்கும் நான்கு வயது மகன் குறித்து

பாம்பன் சகோதரிக்கு வணக்கம். மீன்பிடித் தடைக்காலத்தில் முற்றத்தில் வலை சீர்செய்யும் உங்கள் கணவர், தம்முடன் இருப்பவரை ஏசும் அதே சொற்களைச் சொல்லிக்கொண்டே, மகன் அகப்பையால் தங்கையை அடிக்கிறான் என்றும், இரண்டு அடி போட்டால் திருந்துவானா என்றும் கேட்டிருந்தீர்கள். அடிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

1961இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவும் குழுவினரும் 72 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையின் மீது ஏறி உட்கார்ந்து மூக்கில் குத்தி, மரச்சுத்தியால் அடித்து, வாய்விட்டுக் கத்தியதைப் பார்த்த குழந்தைகளுள் பலர், பின்னர் அச்செயல்களையும் சொற்களையும் அப்படியே திருப்பிச் செய்தனர். இடையில் அவர்களுக்கு நல்ல விளையாட்டுச் சாமான்களைக் காட்டிவிட்டு மறுத்திருந்தார்கள் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை; உங்கள் மகனும் ஏதேனும் மறுக்கப்பட்ட பின்னர்தான் அகப்பையைத் தேடுகிறானா என்று பாருங்கள்.

1965இல் பண்டூரா வெளியிட்ட மற்றோர் ஆய்வில், பொம்மையை அடித்தவர் தண்டிக்கப்பட்டதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அதைப் பின்பற்றினர். ஆனால் செய்துகாட்டினால் பரிசு உண்டு என்றதும் மற்றவர்களுக்கு இணையாகச் செய்தனர். ஆகவே அடிக்குப் பயந்து அவன் உங்கள் முன் அடங்கலாம், கற்றது போய்விடாது. அடிக்கும் பெரியவர் ஒருவரையும் கூடுதலாகப் பார்த்திருப்பான்.

கை ஓங்கும்போது அகப்பையை அமைதியாக வாங்கி வைத்து, கோபத்தைச் சொல்லால் வெளிப்படுத்தப் பழக்குங்கள். கணவரிடம் தனியே, அவர் வேலை முடித்து ஓய்ந்திருக்கும் நேரத்தில், குற்றம் சாட்டாமல் பேசுங்கள்; ஏச்சுப்பேச்சுக்குரிய கணக்கு வழக்கைக் கரையிலேயே முடித்துவிட்டு வரச் சொன்னால்கூட வீட்டில் பாதி குறையும்.